மரத்தின் பாகங்களில் நிழல் இல்லையாம்

மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் பழக்கம். இன்றைக்கு எனக்கு அந்த ஆவல் இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டில் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டதை என் கண்ணால் கண்டேன். எனக்குக் கோபம். இரண்டு நாளாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் "ரோலி, அம்மா, ரோலி" என்று டெனிஷில் என்னை அமைதிப்படுத்திவிட்டு வேறு கதைக்குத் தாவிவிடுவாய். தமிழில் எழுதினால் நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, திரும்பத் திரும்ப வாசிப்பாய். எனக்கு அதுதான் வேண்டும். இதை நான் உறையில் போட்டு ஒட்டப் போவதுமில்லை. அப்பா வாசிக்கட்டும், வீட்டுக்கு வருகிறவர்களும் வாசிக்கட்டும். இதில் மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை, என் பிழையைக்கூட மறைக்கப் போவதில்லை.

முதலில் ஞாயிறு நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். பிறகு நீ "நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று கதையை மாற்றக் கூடாது. சாப்பிட்டு முடிந்ததும், மேசையைத் துடைக்கக்கூட விடாமல், உன்னுடைய நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலப் பயிற்சித் தாள்களைப் பரப்பினாய். என்னடா இது என்று கேட்டேன். நீ ஆசையாகத்தான் விளக்கினாய். தாளின் மேலே முழுப் பொருள் ஒன்றின் ஆங்கிலப் பெயர் இருக்கும்: மரம், வீடு, சைக்கிள், கை, குடும்பம். அதற்குக் கீழே அதன் பாகங்களின் பெயர்களைப் பிள்ளை எழுத வேண்டும். "சொல்லைத் தனித்தனியப் பாடமாக்கினால் மறந்து போகும் அம்மா. முழுசையும் பாகத்தையும் சேர்த்துப் படிச்சால் ஒரு சொல்லு மற்றச் சொல்லை இழுத்துக்கொண்டு வரும்" என்றாய். எனக்கு அது பிடித்திருந்தது. எவ்வளவு அழகாகச் சொல்லிக் கொடுக்கிறான் என்று கோப்பையைக் கழுவிக்கொண்டே உள்ளுக்குள் மெச்சினேன். அதற்குப் பிறகுதான் நீ சிரிக்கத் தொடங்கினாய்.

ஒரு பிள்ளையின் தாளை எடுத்து உரத்து வாசித்தாய். மரத்துக்கு வேர், இலை, கிளை, பிறகு நிழல். வீட்டுக்குக் கதவு, ஜன்னல், கூரை, பிறகு மேல்வீட்டு அம்மா. சைக்கிளுக்குச் சில்லு, மணி, சங்கிலி, பிறகு பின்னால் தம்பி. வாசிக்க வாசிக்கச் சிரித்தாய். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாய். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார், நானும் முதலில் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் நீ சிவப்புப் பேனையால் மூன்று கோடு இழுத்துவிட்டு ஒன்று சொன்னாய். "வீட்டில சொல்லே இல்லாத பிள்ளையள் அம்மா. இங்கிலிஷ் வகுப்பில இருந்து அவளுக்குப் பிரயோசனமில்லை. வியாழக்கிழமை தாயைக் கூப்பிட்டிருக்கிறம். இங்கிலிஷ் நடக்கிற நேரத்தில டெனிஷ் உதவி வகுப்புக்கு மாத்தப் போறம்." அதைக் கேட்டதும் என் வாய் மூடிவிட்டது.

எத்தனை சரி என்று கேட்டேன். எண்ணிப் பார்த்து, இருபதில் பதினேழு என்றாய். பதினேழு சரியாக எழுதிய பிள்ளையை ஏன் வகுப்பை விட்டு எடுக்கிறாய் என்று கேட்டேன். பிழையின் எண்ணிக்கை முக்கியமில்லை, பிழையின் வகைதான் முக்கியம் என்றாய். "பாகம் எண்டால் முழுசில இருந்து பிரிச்சுக் காட்ட ஏல வேணும். நிழல் மரத்தால வாறது, மரத்தில இருக்கிறதில்லை. இது கூட விளங்காட்டில் பிள்ளைக்கு அடிப்படையே இல்லை" என்றாய். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அப்பா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "உங்களுக்கு இது விளங்காது அம்மா, இது என்ர வேலை" என்று சொல்லித் தாள்களை அள்ளிக்கொண்டு எழும்பினாய். கோபித்துக்கொண்டு போனவன் நான் கட்டிவைத்த கறிப்பெட்டியை எடுக்க மட்டும் மறக்கவில்லை.

எனக்கு விளங்காது என்று சொன்னாய் அல்லவா? நீ சொன்ன பாடம் எனக்கு நன்றாகவே விளங்கியது. பாடத்தோடு எனக்குச் சண்டை இல்லை. மரத்தில் இருந்து இலையைப் பிடுங்கலாம், நிழலைப் பிடுங்க முடியாது, சரிதான். ஆனால் உன் கணக்குக் கூட நீ நினைக்கிற அளவுக்கு ஒழுங்காக இல்லை. கதவுக்குக் கைப்பிடி பாகம். வீட்டுக்குக் கதவு பாகம். அப்படியானால் வீட்டுக்குக் கைப்பிடி உண்டு என்று எந்த ஆங்கிலேயன் சொல்லுவான்? குடும்பத்துக்குத் தாய் பாகம், தாய்க்கு முழங்கால் பாகம். என் முழங்கால் நம் குடும்பத்தின் பாகமா? அது வலிக்கிறபோது நீங்கள் எல்லோரும் படுகிற பாட்டைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. பெரியவர்களுக்கே வழுக்குகிற இடத்தில் பத்து வயதுப் பிள்ளை வழுக்கினால் அதற்கு வகை பிரித்துப் பெயர் வைக்கிறாய்.

நான் இந்த ஒடென்சே நகரத்தில் பத்தொன்பது வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். டெனிஷை நான் படித்ததே உடம்பின் பாகங்களில் இருந்துதான். குதிக்கால், முழங்கால், இடுப்பு, தோள்மூட்டு. ஒவ்வொரு நாளும் கணினியில் மனிதரைத் துண்டு துண்டாகத்தான் எழுதிவைக்கிறோம்: வலது குதிக்கால் சிவந்திருக்கிறது, இடது கண்ணுக்கு மருந்து விட்டாயிற்று. வேலைக்கு வந்த புதிதில் ஒரு மூதாட்டியைக் குளிக்க வார்க்கப் போனேன். அவர் கையில் எப்போதும் ஒரு கைப்பை இருக்கும், படுக்கையிலும் இருக்கும். அதை வாங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டுத் தண்ணீரைத் திறந்தேன். அவர் கத்திய கத்தலில் தாழ்வாரத்தில் இருந்த எல்லோரும் ஓடிவந்தார்கள். என்னோடு வேலை செய்த டெனிஷ்க்காரி ஒருத்தி வந்து, அந்தப் பையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிந்து, அவருடைய மடியில் வைத்தாள். அந்த அம்மா பேசாமல் குளித்தார். அன்று தொடக்கம் அவருடைய குளிப்புக் குறிப்பில் "கைப்பையுடன்" என்று எழுதிவைத்தோம். கைப்பை உடம்பின் பாகமா என்று உன்னைக் கேட்டால் இல்லை என்பாய். இல்லைதான். ஆனால் இல்லை என்று பறித்து வைத்தவளுக்குத் தான் யாரைக் குளிக்க வார்க்கிறோம் என்று தெரியாமல் போய்விட்டது. அந்த ஆள் நான்தான்.

சரி, இனி என் பிழைக்கு வருகிறேன். இதில் பாதி உனக்குத் தெரியும், மீதியை நான் யாருக்கும் சொன்னதில்லை. உனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளியில் ஆங்கிலம் தொடங்கிச் சில மாதம்தான் இருக்கும். உனக்கும் இப்படி ஒரு தாள் வந்தது. வீடு என்ற சொல்லுக்குக் கீழே கதவு, ஜன்னல், குசினி, கடவுள் என்று எழுதினாய். அந்த இரண்டு அறை வீட்டில் உடுப்பு அலமாரியின் மேல்தட்டுத்தான் எங்களுக்குச் சாமியறை. அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்த சொல்லை எழுதினாய். குடும்பம் என்ற சொல்லுக்குக் கீழே அம்மா, அப்பா, இரண்டு அண்ணன், ஒரு தங்கை என்று எழுதினாய். டோஸ்ட்ருப்பில் இருக்கிற பெரியம்மாவின் பிள்ளைகளை வேறு எப்படி எழுதுவாய்? வாய் திறந்த நாளில் இருந்து பெரிய அண்ணை, சின்ன அண்ணை, தங்கச்சி என்றுதானே கூப்பிட்டாய்? பள்ளியின் பதிவில் நீ ஒற்றைப் பிள்ளை. தன் குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே இந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை என்று ஆசிரியை முடிவு கட்டிவிட்டா. என்னைக் கூப்பிட்டா.

அப்பாவுக்கு அன்றைக்குத் தொழிற்சாலையில் பகல் வேலை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்ட கட்டத்தில் வேண்டாம் என்று புள்ளடி போட்டு அனுப்பியது நான்தான். எங்கட மகன் தண்ணியாய் டெனிஷ் கதைக்கிறான், பிறகு எதற்கு வெளியாள் என்ற பெருமை. அந்தப் பெருமை எங்கள் எல்லோருக்கும் இருந்தது. வைத்தியரிடம் போனாலும் பிள்ளை, வங்கிக்குப் போனாலும் பிள்ளை. அந்த மேசையில் எனக்கும் ஆசிரியைக்கும் நடுவில் நீ இருந்தாய், கால் நிலத்தில் முட்டாமல். ஆசிரியை நெடுநேரம் கதைத்தா. நீ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"ரீச்சர் சொல்லுறா, எனக்குத் தனிய ஒரு ரீச்சர் தருவினமாம். உதவிக்கு."

"தனிய உனக்கோ? எங்களிட்டக் காசு ஒண்டும் கேக்காமலோ?"

"ஓம் அம்மா."

எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். இத்தனை பிள்ளைகளுக்குள் என் பிள்ளைக்கு மட்டும் தனி ஆசிரியர்! நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மூன்று தரம் நன்றி சொன்னேன். அத்தோடு விட்டேனா? அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலேயே எழும்பி, ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து நாற்பது ரோல்ஸ் பொரித்து, பெட்டியில் அடுக்கி, அந்த ஆசிரியையின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவவுக்கு முகம் சிவந்துவிட்டது. உறைப்புக்குப் பயப்படுகிறா என்று நினைத்தேன். என் பிள்ளையை வகுப்பை விட்டு வெளியே எடுத்ததற்கு நாற்பது ரோல்ஸ் பொரித்துக் கொடுத்த தாய் இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்க நினைக்க எனக்கு என் கன்னத்தில் நானே அறையத் தோன்றுகிறது.

இரண்டு வருடம். மற்றப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கிற நேரமெல்லாம் நீ தாழ்வாரக் கடைசியில் இருந்த ஒரு சின்ன அறையில், உனக்கு ஏற்கெனவே தெரிந்த டெனிஷ் சொற்களுக்குப் படம் ஒட்டிக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரியாது. பிறந்தநாள்களுக்கு உன்னைக் கூப்பிடுவது குறைந்துபோனது, நீ வீட்டில் கதைப்பது குறைந்துபோனது. பெடியன் வளர்கிறான், வெட்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு தொலைக்காட்சியைப் பார்த்துப் பார்த்து நீயாகவே ஆங்கிலம் படித்தாய், வீம்பில் படித்தாய், ஆங்கில ஆசிரியராகவே வந்து நின்றாய். அந்த வீம்பை நினைத்து நான் எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன் தெரியுமா? உனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது ஒருநாள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு, அந்தக் கையெழுத்து எதற்கென்று சாதாரணமாகச் சொன்னாய். "அண்டைக்கே ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். நீ உரித்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, "நீங்கள் அவ்வளவு சந்தோசமா இருந்தீங்கள் அம்மா" என்றாய். ஒன்பது வயதுப் பிள்ளை தன் தாயின் சந்தோசத்தைக் கெடுக்காமல் இருக்க இரண்டு வருடத்தைக் கொடுத்திருக்கிறான். எனக்கு இன்றைக்கும் அது சீரணிக்கவில்லை.

அந்தப் பிள்ளைதான் ஞாயிற்றுக்கிழமை என் மேசையில் இருந்து சிரித்தது. வேறு யாராவது சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. மற்ற ஆசிரியருக்குத் தெரியாது என்று விட்டிருப்பேன். உனக்குத் தெரியும். அந்த அறை எந்தப் பக்கம் பார்த்திருக்கும், எப்படி மணக்கும், மணியடித்ததும் மற்றப் பிள்ளைகள் வகுப்புக்குப் போகிறபோது எதிர்ப்பக்கம் நடக்கிறது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். வீட்டில் சொல் இல்லாத பிள்ளை என்றாயே, சொல் இல்லாத பிள்ளையா ஒரு மரத்தைப் பற்றி எழுதச் சொன்னால் நிழல் வரைக்கும் போகும்? அரைகுறையாகப் படித்த நானே கேட்கிறேன், பட்டம் பெற்ற உனக்கு இந்தக் கேள்வி ஏன் வரவில்லை? ஒரு வீட்டுப் பிள்ளையின் தாளை இன்னொரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வாசிப்பது சரியா என்றாவது வந்ததா? அதைக் கேட்டுச் சிரிக்க இருந்த எங்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

திருத்தாதே என்று நான் சொல்லவில்லை. திருத்து. நிழல் பாகமில்லை என்று எழுதிக் கொடு. இல்லாவிட்டால் நாளைக்கு வேறொருவன் அவளைப் பார்த்துச் சிரிப்பான். உனக்கு ஒரு வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள், ஒவ்வொருவரிடமும் கதைக்க நேரமில்லை என்பதும் எனக்குத் தெரியும். எனக்கும் காலையில் எட்டுப் பேரை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றிச் சாப்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் ஏன் இப்படி எழுதினாய் என்று ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் போகும்? உன்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. வீட்டுக்குள்ளே கடவுள் எங்கே இருக்கிறார் என்று அந்த ஆசிரியை ஒரு தரம் கேட்டிருந்தால் நீ அலமாரியின் மேல்தட்டைச் சொல்லியிருப்பாய், கதை அத்தோடு முடிந்திருக்கும்.

இவ்வளவையும் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். இன்றைக்கு, செவ்வாய்க்கிழமை, வேலையில் ஒன்று நடந்தது. எங்கள் இல்லத்துச் சலவை அறையில் ரீம் என்று ஒருத்தி வேலை செய்கிறாள், சிரியாவில் இருந்து வந்தவள். இருவரும் டெனிஷில்தான் கதைப்போம். அவளுடையது உடைந்த டெனிஷ், என்னுடையது ஒட்டுப்போட்ட டெனிஷ். படுக்கை விரிப்புகளை இருவருமாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது, மகளின் பள்ளியில் இருந்து வந்த செய்தி என்று கைப்பேசியைக் காட்டினாள். வியாழக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தது, ஆங்கிலப் பாடம் சம்பந்தமாக. நல்ல விசயமாகத்தான் இருக்கும், இல்லையா என்று என்னைக் கேட்டாள். அவளுடைய மகள் கனக்கச் சரியாக எழுதினாளாம். மரத்துக்கு எல்லோரும் வேரும் இலையும்தான் எழுதினார்களாம், அவள் மட்டும் நிழலும் எழுதினாளாம். அதை வீட்டுக்கு வந்து தாயிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

விரிப்பின் ஒரு முனை என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டேன். மற்ற இரண்டையும் நானே கேட்டேன், வீட்டைப் பற்றியும் சைக்கிளைப் பற்றியும் என்ன எழுதினாள் என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். ரீம் மாலை வேலைக்கு வருகிற நாளெல்லாம் மேல்வீட்டு அம்மாதான் கதவைத் திறந்து, சூப் கொடுத்து, மகளைப் படுக்க வைக்கிறாவாம். சின்ன மகனை ரீம் சைக்கிளின் பின் இருக்கையில் வைத்துத்தான் பாலர் பள்ளிக்குக் கொண்டுபோகிறாள். அந்த இருக்கையில் அவன் இல்லாமல் அந்தச் சைக்கிளை அந்தப் பிள்ளை கண்டதே இல்லையாம். இரண்டு நிமிடத்தில் இவ்வளவும் வந்துவிட்டது. கேட்டிருந்தால் உனக்கும் சொல்லியிருப்பார்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டாயா என்று கேட்டேன். எதற்கு, மகள் இருக்கிறாளே என்றாள். அந்தப் பெருமைச் சிரிப்பை எனக்குத் தெரியும்.

மகளைக் கொண்டு மொழிபெயர்க்க விடாதே என்று சொன்னேன். ஏன் என்று விளக்க எனக்கு டெனிஷ் போதவில்லை. அப்படியானால் நீ என்னோடு வருவாயா, ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று செய்தியில் இருக்கிறது என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ சிரித்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. அந்த ஆசிரியர் என் மகன் என்றும் சொல்லவில்லை. பெற்றவளின் வாயில் அது வரவில்லை. அவளாகக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. உன் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் இருக்கிறது, என் பெயருக்குப் பின்னால் இன்னும் என் தகப்பனின் பெயர்தான். இன்றிரவே அப்பா இதை உன்னிடம் கொண்டுவந்து தருவார். சொந்தத் தாய் அந்த மேசையில் இருக்கக் கூடாது என்று உங்களுக்கு விதி ஏதும் இருந்தால், நாளைக்கே ஒரு மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லி ஒழுங்கு பண்ணு. பண்ணினால் நான் வெளியே கதிரையில் இருக்கிறேன். பண்ணாவிட்டால் உள்ளேதான் இருப்பேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேசைக்கு அந்தப் பக்கம் நீ இருப்பாய், இந்தப் பக்கம் ரீம் இருப்பாள், உள்ளேயோ வெளியேயோ நானும் இருப்பேன். நான் யார் என்று முதலில் அவளுக்கு நீ சொல்ல வேண்டும், நான் சொல்லமாட்டேன். பிறகு அந்தப் பிள்ளையின் தாளை எடுத்து, ஞாயிறு என் வீட்டில் வாசித்தது போலவே உரத்து வாசி. வேர், இலை, கிளை, நிழல் என்று ஒன்றும் விடாமல் வாசி. சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவளுடைய தாயின் முகத்தைப் பார்த்துச் சிரி.

அம்மா